ஒரு வகுப்புக்கு ரெண்டு வாத்தியார்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. அந்த மருந்தடிக்கிற மெஷினைக் காலுக்கடியில வச்சுக்கோங்க, எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல. நரிக்குடி டிக்கெட்டா? நானும் அங்கதான். அப்ப ஒண்ணே கால் மணி நேரம் இருக்கு. நல்லதாப் போச்சு. பேச்சுத் துணை இல்லாம பஸ்ஸுல உக்காந்தா எனக்குத் தலை சுத்தும்.

என் பேரு தவசிலிங்கம். கணக்கு வாத்தியார். அருப்புக்கோட்டையில இருபத்தேழு வருஷ சர்வீசு. ஒரே பள்ளிக்கூடம், ஒரே ரூமு, ஒரே போர்டு. போர்டுக்காவது ரெண்டு தடவை கறுப்பு அடிச்சாங்க. நான் மாறவே இல்ல. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், அதுல என்ன தப்பு.

நரிக்குடிக்கு எதுக்குப் போறேன்னு கேக்குறீங்களா? கேக்கலையா? பரவாயில்ல, சொல்றேன். ஒரு டீச்சர்கிட்ட கையெழுத்து வாங்கப் போறேன். விருப்பக் கடிதம்னு பேரு. 'எனக்குப் பழைய பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போகச் சம்மதம்'னு அந்தப் பொண்ணு எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டா என் கிளாசுக்கு விமோசனம். போடலைன்னா இல்ல. இதுல ஒரு சின்ன சிக்கல் என்னன்னா, அந்தப் பொண்ணை எங்க பள்ளிக்கூடத்துல இருந்து கிளப்புனதே நான்தான். மனு எழுதிக் கிளப்புனேன். நல்ல கையெழுத்துல.

சிரிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சிரிங்க. என் பக்கம் நியாயம் இருக்கு.

போன ஜூன்ல ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. கூட்டுக் கற்பித்தலாம். ஒரு வகுப்புக்கு ரெண்டு வாத்தியாராம். பிள்ளைங்களுக்கு என்னென்ன தேவையோ அதுக்குத் தக்கன சின்னச் சின்னக் குழுவாப் பிரிச்சு, ஒரு வாத்தியார் இந்தக் குழு, இன்னொரு வாத்தியார் அந்தக் குழு. ஏன் தம்பி, இந்த பஸ்ஸுக்கு ரெண்டு டிரைவர் போடுவாங்களா? கடைசி சீட்டுல உக்காந்திருக்கவனுக்குத் தேவை வேறன்னு அவனுக்குத் தனியா ஒரு ஸ்டியரிங் வச்சுக் குடுப்பாங்களா? நாங்கள்லாம் படிக்கலையா? எங்களுக்கு ஒரு வாத்தியாரே தாங்கல.

இதுக்கு மூணு நாள் பயிற்சி வேற. விருதுநகர்ல ஒரு ஹால்ல அறுபது வாத்தியார்களை அடைச்சு வச்சு, ஒரு ஆபீசர் படம் போட்டுப் போட்டுக் காமிச்சாரு. வட்டம், வட்டத்துக்குள்ள வட்டம், அம்புக்குறி. கடைசியில 'எல்லாருக்கும் புரிஞ்சுதா'ன்னாரு. அறுபது பேரும் ஒரே குரல்ல 'புரிஞ்சுது சார்'ன்னோம். வேற என்ன சொல்றது? அப்பத்தானே டீ வரும்.

அந்த ரெண்டாவது வாத்தியாரா என் கிளாசுக்கு வந்ததுதான் இந்தப் பொண்ணு. ஏழாம் வகுப்பு ஆ பிரிவு, நாப்பத்தி மூணு உருப்படி. அதுக்கு நான் ஒருத்தன், கூட ஒரு தற்காலிக டீச்சர். ஜெனிட்டான்னு பேரு. என்ன, சட்டுன்னு திரும்பிப் பாக்குறீங்க? வெயில் மூஞ்சில அடிக்குதா? அந்தத் திரையை இழுத்து விட்டுக்கோங்க.

வயசு இருபத்தேழுதான் இருக்கும். என் சர்வீசுதான் அதுக்கு வயசு. சரி, வந்த பிள்ளைய வேலை இல்லாம உக்கார வைக்கக் கூடாதே, நான் என்ன கல் நெஞ்சக்காரனா? வேலை குடுத்தேன். அட்டெண்டன்ஸ் எடுக்கறது. சாக்பீஸ் டப்பாவ ஆபீஸ் ரூம்ல இருந்து வாங்கியாறது. யூனிபார்முக்கு அளவு எடுக்கறது. வியாழக்கிழமை வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரை குடுத்து, முழுங்குனாய்ங்களா ஜன்னல் வழியா எறிஞ்சாய்ங்களான்னு பாக்கறது. நான் போர்டுல பாடம் நடத்துவேன், அது கடைசி பெஞ்சுல உக்காந்து பார்க்கும். ஒரு வகுப்புக்கு ரெண்டு வாத்தியார், ஆச்சா? சுற்றறிக்கை கேட்டது அதானே?

அது ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. சொன்னதெல்லாம் செஞ்சுச்சு. ஆனா மாத்திரை குடுக்கறேன்னு போயி ஒவ்வொரு பிள்ளை பக்கத்துலயும் ரெண்டு நிமிஷம் உக்காந்து என்னமோ குசுகுசுன்னு கேட்டுச்சு. மூணு வாரத்துல எவனுக்கு வாய்ப்பாடு ஏழோட நிக்குது, எவளுக்கு பின்னம்னாலே வயித்த கலக்குது, எவன் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுறான்னு அம்புட்டும் தெரிஞ்சு வச்சிருந்துச்சு. எனக்குத் தெரியாம என் கிளாசுல உளவு பாத்திருக்கு, பாருங்க.

ஆகஸ்டுல ஆபீசர் பார்வையிட வர்றாருன்னு ஜூலையிலயே தகவல். எங்க எச்.எம். கோமதிநாயகம் சார் பயந்த சுபாவம். ஓடி வந்தாரு. 'தவசி சார், குழு எங்க, குழு எங்க'ன்னாரு, குழுவை நான் டிராயர்ல பூட்டி வச்ச மாதிரி. நான் சொன்னேன், அரை மணி நேரத்துல ரெடி பண்றேன்னு. பண்ணுனேன். ஒரு சார்ட் எடுத்தேன். மேல 'மெல்லக் கற்போர்'னு சிவப்பு ஸ்கெட்ச்சுல தலைப்பு. கீழ ஆறு பேரு. முதல் பேரு யோகலட்சுமி. பார்டர் போட்டு, ஓரத்துல பூ வரைஞ்சு, கிளாஸ் வாசல் கதவுல ஒட்டிட்டேன். போறவன் வர்றவன் எல்லாம் படிக்கற மாதிரி.

அந்தப் பொண்ணு வந்து கதவு முன்னால நின்னுச்சு. 'சார், இதை எடுத்துரலாமா'ன்னு கேட்டுச்சு. எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. 'ஏம்மா, எழுத்து நல்லா இல்லையா?'ன்னேன். 'எழுத்து ரொம்ப நல்லா இருக்கு சார்'னு சொல்லிக்கிட்டே கிழியாம எடுத்து, சுருட்டி, எங்கிட்டயே குடுத்துருச்சு. இதுக்கு நான் என்ன சொல்ல முடியும்? பாராட்டிட்டுல்ல எடுக்குது.

அதுக்குப் பதிலா அது ஒரு முறை வச்சிருந்துச்சு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கால் தாள்ல மூணு கணக்கு. மார்க்கு கிடையாது. யாருக்கு எந்த இடத்துல இடிக்குதுன்னு பாக்கறது, இடிக்கிற ஆளுகளை மட்டும் ஆறு பேரா வராண்டாவுக்குக் கூட்டிட்டுப் போறது, மத்தவங்க ரூமுக்குள்ள. அடுத்த தடவை ஆறு பேரு வேற ஆறு பேரு. ஒரு வாரம் நம்ம நவநீதனும் அந்த ஆறுல போயி உக்காந்திருக்கான்! முதல் ரேங்க்கு தம்பி! அவனுக்குக் கோணத்துல என்னமோ சந்தேகமாம். முதல் ரேங்க்குக்குச் சந்தேகம் வந்தா அப்புறம் ரேங்க்குக்கு என்ன மரியாதை?

நான் ஒதுங்கித்தான் இருந்தேன். ரூமுக்குள்ள முப்பத்தேழு பேரு, என் போர்டு, என் சாக்பீஸ். வராண்டா அதோட ராஜ்யம். அந்த ஆபீசர் வந்தாரு பாருங்க, அவரு கெடுத்தாரு. 'ரெண்டு பேரும் இடம் மாறி மாறி எடுக்கறீங்கள்ல?'ன்னு கேட்டாரு. நான் உடனே 'ஆமா சார், தினமும் சார்'னுட்டேன். 'ரொம்ப சந்தோஷம், நாளைக்கு நீங்க சின்னக் குழு எடுக்கறதைப் பார்க்கறேன்'னுட்டாரு. எச்.எம். என்னைப் பாக்குறாரு, நான் சாக்பீஸைப் பாக்குறேன்.

இப்ப உங்களுக்கு ஒண்ணு சொல்லணும், அப்பத்தான் என் வயித்தெரிச்சல் உங்களுக்கு விளங்கும். நான் பாடம் நடத்துனா எப்படின்னா, போர்டைப் பார்த்து எழுதிக்கிட்டே போவேன். எழுதி முடிச்சுத் திரும்பி, 'புரிஞ்சுதா?'ன்னு ஒரு அதட்டு. 'புரிஞ்சுது சாஆஆர்'னு மொத்தக் கிளாசும் கத்தும். ஓடு அதிரும். பக்கத்துக் கிளாசுல வரலாறு எடுக்கறவரு ஒரு நிமிஷம் நிறுத்திட்டு அப்புறம் ஆரம்பிப்பாரு. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தம்பி நான் அடுத்த கணக்குக்குப் போவேன். இருபத்தேழு வருஷத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட, புரியலன்னு சொன்னதில்ல. அப்படி ஒரு வாத்தியாரு இந்த மாவட்டத்துல வேற எவன் இருக்கான், காட்டுங்க.

மறுநாள் வராண்டா. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல பாய் விரிச்சு ஆறு பேரு. எனக்கு முட்டி வலி, எப்படியோ உக்காந்தேன். உக்காந்தப்புறம்தான் தெரியுது, போர்டு இல்ல. திரும்பிக்க ஒரு இடம் இல்ல தம்பி! ஆறு மூஞ்சியும் ஒரு முழத் தூரத்துல என்னையே பாக்குது. எதுத்தாப்புல ஆபீசர் நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு.

மைனஸ் எண்கள் பாடம். மைனஸ் மூணுல இருந்து மைனஸ் அஞ்சைக் கழிக்கணும். சொன்னேன், மைனசும் மைனசும் சேர்ந்தா பிளஸ், ஆக மைனஸ் மூணு பிளஸ் அஞ்சு, விடை ரெண்டு. முடிஞ்சுது. 'புரிஞ்சுதா?'ன்னேன், பழக்கத்துல.

சத்தம் வரல. ஆறு பேரு கத்துனா எங்க ஓடு அதிரும்? ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கிறாய்ங்க. அப்ப அந்த யோகலட்சுமி வாயைத் தொறந்தா. 'புரியல சார்'னா.

எனக்குக் காது அடைச்சுப் போச்சு. 'எது புரியல?'ன்னேன். 'இல்லாததுல இருந்து எப்படி சார் எடுக்க முடியும்? அதுவும் இல்லாததையே எப்படி சார் எடுக்கறது? எடுத்தா எப்படி சார் கூடும்?'னு மூணு கேள்வி. நான் சொன்னேன், அது ரூலு, ரூலை ஏன்னு கேக்கக் கூடாது. 'யாரு சார் போட்ட ரூலு?'ன்னா. பன்னெண்டு வயசு. ஆபீசர் முன்னாடி. அந்தாளு மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறாரு, சிரிப்பை அடக்கிக்கிட்டு.

'யாரு உனக்கு இப்படிப் பேசச் சொல்லிக் குடுத்தது?'ன்னேன். மறைக்கவே இல்ல. 'ஜெனிட்டா டீச்சர் சார். புரியலன்னா புரியலன்னு சொல்லணும், அது தப்பில்லன்னு சொன்னாங்க'ன்னுட்டா. பாத்தீங்களா? இதுக்குத்தான் சொல்றேன். நான் இல்லாத நேரத்துல என் கிளாசுல என்ன விதைச்சு வச்சிருக்கு பாருங்க!

ஆபீசர் போனப்புறம் அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். 'ஆமா சார், நான்தான் சொன்னேன்'னுச்சு. கொஞ்சம்கூடப் பயம் இல்ல. 'மதியம் அந்தக் கணக்கை நடந்து பாக்கலாம்னு இருக்கோம், நீங்களும் வாங்க சார்'னுச்சு. கணக்கை நடந்து பாக்குறதாம். நான் போட்டுப் பார்த்திருக்கேன், நடந்து பார்த்ததில்ல.

போனேன். சும்மா வேவு பாக்கத்தான். வராண்டா தரையில நீளமா ஒரு கோடு, அடிக்கு ஒரு எண். நடுவுல பூஜ்யம். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் மைனஸ், தண்ணித் தொட்டி பக்கம் பிளஸ். மைனஸ் எண்ணுன்னா சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்து நிக்கணும். கூட்டணும்னா முன்னாடி நட, கழிக்கணும்னா பின்னாடி நட. அம்புட்டுத்தான். ஆறு பேரும் நடந்தாய்ங்க. அப்புறம் அந்த யோகலட்சுமி, 'சார், நீங்க'ன்னுட்டா.

நான் ஒண்ணும் ஆசைப்பட்டு நடக்கல. நடுவுல நின்னுக்கிட்டு இருந்தேன், வழி விடணுமே. மைனஸ் மூணுல போயி நின்னேன். கழிக்க வேண்டியது மைனஸ் அஞ்சு. சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துத் திரும்புனேன். கழித்தல், அதனால பின்னாடி. ஒண்ணு, ரெண்டு, மூணாவது அடியில பூஜ்யம், நாலு, அஞ்சு. குனிஞ்சு பார்த்தா காலுக்குக் கீழ ரெண்டு. பிளஸ் ரெண்டு.

தம்பி, அந்த விடையை நான் வருஷா வருஷம் எழுதிருக்கேன். ஏன் ரெண்டுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. உள்ளங்கால்ல இருந்து மண்டைக்கு என்னமோ ஏறுன மாதிரி இருந்துச்சு, பொய் சொல்லல. ஒரு நிமிஷம்தான். உடனே அந்த ஆறு பேரும் கை தட்டிட்டாய்ங்க. எனக்குக் கை தட்டுறாய்ங்க! 'சார் சரியா சொல்லிட்டாரு'ன்னு ஒருத்தன் கத்துறான். ஒரு வாத்தியாரை இதுக்கு மேல அவமானப்படுத்த முடியுமா?

என்ன, உங்க வீட்டுலயும்... இருங்க இருங்க, முடிச்சுக்கறேன். இழை அறுந்து போகும்.

அன்னையிலருந்து என் நிம்மதி போச்சு. இடம் மாறி எடுக்கறது நிரந்தரம்னு எச்.எம். உத்தரவு. ஒரு வாரம் வராண்டா, ஒரு வாரம் ரூமு. வராண்டாவுல சொன்னா ரூமுக்குள்ள பரவாம இருக்குமா? முதல்ல ஒருத்தி, அப்புறம் நாலு பேரு, அப்புறம் அம்புட்டுப் பேரும். எதைக் கேட்டாலும் 'புரியல சார்', 'மூணாவது வரி புரியல சார்', 'ஏன் சார் தலைகீழாப் பெருக்கணும்?' நவநீதன் எந்திரிச்சு, 'சார், நான் இதை மனப்பாடம்தான் பண்ணியிருக்கேன், புரியல'ங்கறான். அதை ஒரு சாதனை மாதிரி சொல்றான்! போர்ஷன் ரெண்டு பாடம் பின்தங்கிப் போச்சு. வரலாறு எடுக்கறவரு ஸ்டாஃப் ரூம்ல என்னைப் பிடிச்சுக்கிட்டாரு. 'ஓய், உம்ம கிளாஸ் பிள்ளைங்க எங்கிட்டயும் வந்து புரியலங்குதுங்க. வரலாறுல என்னய்யா புரியறதுக்கு இருக்கு?'ன்னாரு. மானம் போச்சு.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, அக்டோபர்ல மனு எழுதுனேன். வாசகம் அப்படியே ஞாபகம் இருக்கு. 'மேற்படி ஆசிரியை, புரியவில்லை என்று சொல்லுமாறு மாணவர்களைத் தொடர்ந்து தூண்டி வருகிறார் என்பதையும், இதனால் வகுப்பில் இதுகாறும் நிலவி வந்த அமைதி குலைந்துள்ளது என்பதையும் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டு வருகிறேன்.' எப்படி இருக்கு? இதைப் படிச்சுட்டு ஆபீஸ்ல ஏன் அம்புட்டுப் பேரும் கூடி நின்னு சிரிச்சாங்கன்னு எனக்கு இன்னை வரைக்கும் தெரியல.

சிரிச்சாலும் வேலை நடந்துச்சு. அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க. அது என்ன சொல்லிருக்கு தெரியுமா? 'சார் நல்லாத்தான் ஒத்துழைச்சாரு. கோட்டுல நடந்து காமிச்சாரு'ன்னு சொல்லிருக்கு. எனக்குச் சாதகமாப் பேசி என்னைக் கேவலப்படுத்தியிருக்கு. ரெண்டு வாத்தியாருக்கும் ஒத்துப் போகலைன்னா தற்காலிகப் பணியிடத்தை வேற பள்ளிக்கு மாத்திரலாம்னு விதி இருக்காம். மாத்திட்டாங்க. நவம்பர்ல ஆர்டர். நரிக்குடி.

கடைசி நாளு ஸ்டாஃப் ரூமுக்கு வந்துச்சு. 'போயிட்டு வரேன் சார்'னுச்சு. நான் 'சந்தோஷம்'னேன். அப்படிச் சொல்லணும்னு நினைக்கல, வாயில வந்துருச்சு. அது சிரிச்சுட்டுப் போயிருச்சு. சண்டை போட்டிருந்தா எனக்கு எம்புட்டு ஆறுதலா இருந்திருக்கும்!

திருச்சுழி வந்துருச்சா? இங்க பத்து நிமிஷம் நிப்பாட்டுவான். டீ சாப்பிடறீங்களா? வேண்டாமா? சரி, நானும் சாப்பிடல. கதை பாதியில நிக்குது.

திங்கக்கிழமை கிளாசுக்குப் போனேன். ராஜா மாதிரி போனேன். வராண்டாவுல கோட்டை அழிக்கச் சொன்னேன், பாயைச் சுருட்டச் சொன்னேன், நாப்பத்தி மூணு பேரும் வரிசையா போர்டைப் பார்த்து உக்காருங்கன்னேன். சமன்பாடு. ரெண்டு பக்கமும் போட்டு, அந்தப் பக்கத்து எண்ணை இந்தப் பக்கம் கொண்டாந்து, விடையை எழுதி, அடிக்கோடு போட்டுத் திரும்புனேன். 'புரிஞ்சுதா?'

'புரிஞ்சுது சாஆஆர்!'

அப்பாடா. ஓடு அதிர்ந்துச்சு. வரலாறு நின்னு திரும்ப ஆரம்பிச்சுது. எல்லாம் பழையபடி. அடுத்த கணக்குக்கு சாக்பீஸை எடுத்தேன்.

எடுத்தவன் சும்மா போர்டைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம்ல? மூணாவது வரிசையில அந்த யோகலட்சுமி மேல கண்ணு போயிருச்சு. வாயி கத்துது. கத்தி முடிச்சதும் சடை ரிப்பன் நுனியை எடுத்து வாயில வச்சுக் கடிக்கிறா. அவளுக்கு ஒரு விஷயம் விளங்கலைன்னா ரிப்பனைக் கடிப்பா. விளங்கிருச்சுன்னா ரிப்பனை விட்டுட்டு மூக்கைத் தேய்ப்பா. இது எனக்கு எப்படித் தெரியும்? நானா தெரிஞ்சுக்கல தம்பி. ஒரு முழத் தூரத்துல வாரக் கணக்கா உக்கார வச்சா மனுசனுக்கு என்னென்னமோ தெரிஞ்சு தொலையுது. அந்தப் பொண்ணு எனக்குச் செஞ்ச கெடுதல்லயே பெரிய கெடுதல் இதுதான்.

'யோகலட்சுமி, எந்திரி. புரிஞ்சுதா?'ன்னேன். 'புரிஞ்சுது சார்'னா. 'நிஜமாவா?'ன்னேன். ரிப்பன் வாயிலயே இருக்கு. தரையைப் பார்த்துக்கிட்டு மெதுவாச் சொன்னா, 'டீச்சர்தான் இல்லையே சார்'னு.

எனக்கு அடுத்த வரி எழுத வரல. அம்புட்டுப் பேரும் என்னையே பாக்குறாய்ங்க. பெல்லடிக்கிற வரைக்கும் போர்டைத் துடைச்சேன், துடைச்ச இடத்தையே துடைச்சேன். ராத்திரி படுத்தா ஒரு கணக்கு ஓடுது. வருஷத்துக்கு நாப்பது பிள்ளைன்னா இருபத்தேழு வருஷத்துக்கு எத்தனை? அதுல எத்தனை ரிப்பன்? வேணாம், அதை விடுங்க.

நான் தோத்தவன் இல்ல. நானே தனியாச் செஞ்சு பார்த்தேன். அந்தப் பொண்ணால முடிஞ்சது என்னால முடியாதா? முப்பத்தேழு பேருக்கு போர்டுல பத்துக் கணக்கு எழுதிப் போட்டேன், ஆறு பேரைக் கூட்டிட்டுப் போயி வராண்டாவுல உக்காந்தேன். ரெண்டே நிமிஷம். உள்ள ஒரே சந்தைக்கடை. ஒருத்தன் இன்னொருத்தனை ஸ்கேலால அடிச்சு ரத்தம். அங்க ஓடுனா இங்க ஆறு பேரு அம்போன்னு நிக்குது, இங்க வந்தா அங்க வெட்டுக்குத்து. முட்டி வலியோட எந்திரிச்சு உக்காந்து எந்திரிச்சு உக்காந்து ஒரு வாரத்துல நான் ஆஸ்பத்திரியில. ஒரு ஆளு ரெண்டு இடத்துல எப்படி நிக்கறது? அப்பத்தான் அந்தச் சுற்றறிக்கையில என்ன எழுதியிருந்துச்சுன்னே எனக்கு விளங்குச்சு. அன்னைக்கு டீயைப் பாக்காம ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

பொங்கல் முடிஞ்சு, போன வாரம் ஆபீசுக்குப் போனேன். மனுவை வாபஸ் வாங்கறேன்னேன். கிளார்க் சொல்றாரு, மாத்தல் ஆன பிறகு வாபஸெல்லாம் கிடையாது, புதுசா ஒரு விண்ணப்பம் குடுங்க, கூடுதல் ஆசிரியர் தேவைன்னு. படிவத்தை நீட்டுனாரு. 'தனிக் கவனம் தேவைப்படுவோர் எண்ணிக்கை'ன்னு ஒரு கட்டம். ஏழுன்னு எழுதுனேன். அவரு வாங்கிப் பார்த்துட்டு, 'என்ன சார், இணைப்புல ஆறு பேருதான இருக்கு, ஏழாவது யாரு?'ன்னாரு. 'அது இருபத்தேழு வருஷமா கிளாசுலயே இருக்கற ஆளுதான், நீங்க சீல் அடிங்க'ன்னேன். ஒரு மாதிரி பார்த்தாரு. அடிச்சாரு.

அப்புறம்தான் குண்டைத் தூக்கிப் போட்டாரு. புது ஆளு கிடையாதாம். ஜெனிட்டா டீச்சரே வரணும்னா விருப்பக் கடிதம் வேணுமாம். அந்தம்மா சம்மதிச்சா மறுநாளே ஆர்டராம். இந்தா, சட்டைப்பையில இருக்கு பாருங்க. நானே எழுதி வச்சிருக்கேன், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கையெழுத்துக் கேக்கறப்ப மன்னிப்புன்னு ஒரு வார்த்தையை எங்கயாச்சும் சொருகணும். முதல்லயா கடைசியிலயான்னு தெரியாமத்தான் அருப்புக்கோட்டையில இருந்து யோசிச்சுக்கிட்டு வரேன். குடுத்துரும் தம்பி. அது குணத்துக்குக் குடுத்துரும். எனக்குத் தெரியும்.

ஏன் எந்திரிச்சுட்டீங்க? நரிக்குடி இன்னும் வரலையே. அது அந்த வளைவு தாண்டி.

என்னது?

உங்க மகளா... நரிக்குடியிலயா? ஏழாவதா?

ஏறுனதுல இருந்து இம்புட்டு நேரம் பேசுறேன், நீங்க யாரு, பிள்ளைகுட்டி இருக்கான்னு நான் ஒரு வார்த்தை கேக்கலையே. நீங்களும் நடுவுல ஒரு தடவை வாயைத் தொறந்தீங்க. நான்தான் இருங்க இருங்கன்னேன்.

ஐம்பத்தோரு பிள்ளைங்களா? வேற கணக்கு வாத்தியாரே இல்லையா? அது வர்றதுக்கு முன்னால ஒன்றரை வருஷமா யாருமே இல்லையா? சரி... கணக்குப் பீரியடுன்னாலே வயித்து வலின்னு வீட்டுலயே கிடந்தவளா... இப்ப வாசல்ல சாக்பீஸால கோடு போட்டு நடக்குறாளா. பின்னாடியா? உங்களையும் நடக்கச் சொல்லுதா?

ஆமா தம்பி. நீங்க கேக்குறது சரிதான். உங்க டீச்சரைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். இனிமே மழுப்பி என்ன ஆகப்போகுது.

உக்காருங்க. வண்டி ஆடுது, அந்த மெஷினோட விழுந்துறப் போறீங்க. இந்தாங்க, இந்தக் கடிதத்தை நீங்களே வச்சுக்கோங்க. கிழிக்கறதுன்னா கிழிச்சுருங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நாளைக்குக் காலையில ஒன்பதரைக்கு அந்த ஏழு பேரும் அங்க வந்து உக்காந்திருப்பாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்னு மட்டும் சொல்லிட்டு இறங்குங்க தம்பி. நிஜமாவே எனக்குத் தெரியல.